துடைக்காமல் விட்ட கால்கள்

அந்த ஆண்டு பெரிய வியாழக்கிழமை சலேத்துமங்கலம் மாதா கோயிலில் பாதம் கழுவப்பட்ட பன்னிரண்டு ஆண்களுடைய கால்களும் அதன்பிறகு காயவே இல்லை. வெள்ளிக்கிழமை ஈரக் காலோடு சிலுவைப்பாதை வந்தார்கள், சனிக்கிழமை ஈரக் காலோடு மெழுகுத்திரி பிடித்து நின்றார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று மணி அடித்தபோதும் ஈரக் காலோடுதான் அல்லேலூயா பாடினார்கள். அதற்குப் பிறகு சித்திரை வந்து, கத்திரி வந்து, ஏரி பாளம் பாளமாக வெடித்து, கோயில் கிணற்றில் இறக்கிய வாளி பாறையில் முட்டிச் சத்தம் போட்ட நாட்களிலும், அந்த இருபத்து நான்கு பாதங்கள் மட்டும் இப்போதுதான் கழுவியவை போலச் சொட்டிக்கொண்டிருந்தன. ஏன் என்று ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். துடைக்கவில்லை, அதனால் காயவில்லை.

துடைக்காமல் விட்டதற்குக் காரணம் சந்தியாகுவும் சிங்கராயரும்.

சந்தியாகு கீழத்தெருக்காரர், அறுபத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டது. மிச்சத்தைக் கூட்டங்களில் கைக்குக் கை மாறி வரும் துண்டறிக்கைகளில் படித்துக்கொண்டார், பிறகு தாமே எழுத ஆரம்பித்தார். கீழத்தெரு ஆட்கள் கோயிலுக்குள் நடுப்பாதையைத் தாண்டி முன்னால் உட்கார்ந்ததும், மாதா தேர் கீழத்தெருவுக்குள் வந்து திரும்பியதும், கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவர் இடிந்ததும் அவருடைய துண்டறிக்கைகளுக்குப் பிறகுதான். அவர் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். அவருடைய அப்பா காலத்தில் மேலத்தெரு வழியாகப் போகும்போது அந்தத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் சந்தியாகு குளிக்கும்போது தவிர வேறெப்போதும் துண்டைத் தோளிலிருந்து இறக்கியதில்லை.

மீதம் இருந்தது ஒன்றே ஒன்று. பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களின் கால் கழுவியதை நினைத்துச் சாமியார் கழுவுவதற்காகப் பீடத்துக்கு முன்னால் போடும் பன்னிரண்டு நாற்காலிகளிலும், கோயில் கட்டிய நாள் முதல், மேலத்தெரு ஆட்களே உட்கார்ந்துவந்தார்கள். ஆண்டவருடைய சீடர்கள் பன்னிரண்டு பேரும் மேலத்தெருவில்தான் பிறந்தார்கள் போலிருக்கிறது என்று சந்தியாகு ஒரு துண்டறிக்கையில் எழுதினார். அந்த நாற்காலிகளுக்காகப் பத்தொன்பது ஆண்டுகள் மனு கொடுத்தார், கறுப்புக் கொடி பிடித்தார், ஆயர் இல்லத்து வாசலில் மழையில் குடை இல்லாமல் உட்கார்ந்தார். பத்தொன்பதாம் ஆண்டு, ஊருக்குப் புதிதாக வந்த இளம் சாமியார் தனிஸ்லாஸ், அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் ஆறு பேர் என்று முடிவு சொன்னார்.

சிங்கராயர் மேலத்தெருவின் அரிசி ஆலைக்காரர், பங்குப் பேரவையின் துணைத் தலைவர். சந்தியாகுவுக்கு முப்பது வயதாகும்வரை அவரை ‘டா’ போட்டுக் கூப்பிட்டவர். முதல் கறுப்புக் கொடிக்குப் பிறகு அது முடியாமல் போனது, ‘ங்க’ போடவும் மனம் வரவில்லை, ஆகவே முப்பத்தாறு ஆண்டுகளாகப் பக்கத்தில் இருக்கும் தூணைப் பார்த்தே அவரோடு பேசிவந்தார். பேரவைக் கூட்டத்தில் அவர் சொன்னதும் சாமியாரைப் பார்த்துத்தான்.

“ஆறு பேர் உக்காரட்டும் சாமி, நாங்க வேணாம்னு சொல்லல. தண்ணி ஒவ்வொருத்தருக்கும் புதுசா ஊத்துறீங்க, அது ஓடிப் போயிரும். துண்டு ஓடிப் போவாது. அதனால ரெண்டு துண்டா வச்சுக்குவோம். சுகாதாரம்னு ஒண்ணு இருக்குல்ல.”

“எங்க தெருப் பொம்பளைங்க சேத்துல நின்னு நட்ட நெல்ல அரைச்சுத் தின்னும்போது எங்க போச்சு சுகாதாரம்?” என்றார் சந்தியாகு.

“நான் சாமிகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்.”

“நான் உங்ககிட்டத்தான் பேசறேன், சிங்கராயரே. ஒரே துண்டு. எங்க காலத் தொட்ட துண்டு உங்க காலத் தொடணும். இல்லன்னா துண்டே வேணாம்.”

சிங்கராயர் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. “துண்டே வேணாம்னா எங்களுக்குச் சம்மதம்.”

இந்த ஆண்டு கழுவுவது மட்டும் நடக்கும், துடைப்பது விடப்படும் என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தியாகு வீட்டுக்கு வந்து மனைவி மதலேனாளிடம், “ஜெயிச்சுட்டோம்” என்றார்.

“என்னத்த ஜெயிச்ச?”

“அவனுக்கும் துண்டு இல்ல, எனக்கும் துண்டு இல்ல. சமம்.”

“ரெண்டு பேரும் ஈரக்காலோட வீட்டுக்குள்ள வருவீங்க. நல்ல சமம்” என்றாள் மதலேனாள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்தான் ஆனது. பன்னிரண்டு வீட்டு வாசல்களிலும் கோணிச்சாக்கு விழுந்தது. பன்னிரண்டு பேரும் கட்டிலுக்கு வெளியே காலை நீட்டி, கீழே வைத்த அன்னக்கூடைப் பாத்திரத்துக்குள் சொட்டவிட்டுத் தூங்கினார்கள். ஊரில் குடிக்கத் தண்ணீர் காணாத கோழிகள் அவர்கள் பின்னாலேயே நடந்தன. டவுன் பஸ் கண்டக்டர் அவர்களைப் படிக்கட்டில் மட்டும் நிற்கவிட்டார். சிங்கராயரின் மனைவி, “சும்மா உக்காந்துதான இருக்கீங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் நீட்டி உக்காருங்க” என்று அவரை மல்லிகைச் செடியின் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அந்தக் கோடையில் ஊரிலேயே பூத்தது அந்தச் செடி ஒன்றுதான். மடத்து சிஸ்டர்கள் கொடுத்த பவுடர் கால்விரல் இடுக்கில் தோசை மாவாகக் குழைந்தது. சுகாதாரத் துறையிலிருந்து வந்த அம்மா பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார். பக்கத்து ஊர்களிலிருந்து பாட்டில்களோடு சனங்கள் வந்தார்கள், நோய்ப்பட்ட மாட்டுக்குத் தெளிக்க. மூன்றாம் வாரம், புனிதத் தண்ணீர் இந்தத் தெருவில் மட்டும் கிடைக்கும் என்று மேலத்தெரு முனையில் ஒரு பலகை முளைத்தது, மறுநாள் கீழத்தெரு முனையில் அதைவிடப் பெரிதாக ஒரு பலகை முளைத்தது. ஆயர் இல்லத்திலிருந்து ஐந்து குருக்கள் கொண்ட குழு வந்து பார்த்துவிட்டு, பத்திரிகைக்காரர்களிடம் பேச வேண்டாம் என்று சொல்லிப் போனது.

துடைக்காமலா இருந்தார்கள்? பெண்டாட்டிகள் துடைத்தார்கள், பிள்ளைகள் துடைத்தார்கள். தனிஸ்லாஸ் சாமியார் பீடத்துத் துணியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வீட்டுக்கும் போய் மண்டியிட்டு அழுதுகொண்டே துடைத்தார். துணியைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது, காலைப் பார்த்தால் அப்படியே இருந்தது.

ஆனால் ஈரத்தைவிட ஊரை வாட்டியது தடம். அந்தக் கால்கள் பட்ட இடமெல்லாம், சிமெண்டுச் சாலையோ தார்ச்சாலையோ வரப்போ, தடம் ஈரமாகவே நின்றது, நாள் கணக்கில் நின்றது. யார் எங்கே போனான், யார் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றான், போனவன் திரும்பி வந்தானா என்று கைக்குழந்தைக்காரிகள்கூட இடுப்பில் பிள்ளையோடு குனிந்து படித்தார்கள். மேலத்தெருவில் குடியை எதிர்த்துப் பிரசங்கம் பண்ணுகிற ஒருவருடைய தடம் கீழத்தெருவின் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் போய் வந்திருந்தது. பாட்டில் விற்கிற இடம் அது. அன்றிலிருந்து அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. முன்பெல்லாம் மறைவாகவாவது இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் போக்குவரத்து இருந்தது, மறைவாகவாவது ஒருவன் வீட்டில் ஒருவன் மோர் குடித்தான். தடம் தெரிகிறது என்றதும் மறைவும் போயிற்று. சந்தியாகு தம் வாழ்நாளில் இரண்டு தெருக்களும் இவ்வளவு தூரமாக இருந்து பார்த்ததில்லை.

அவருக்குச் சர்க்கரை பதினோரு வருஷம். நாற்பதாம் நாளுக்குள் இடது காலின் கடைசி இரண்டு விரல்கள் நிறம் மாறின. முதலில் ஊதா, பிறகு கருப்பு. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் விரல்களுக்கிடையில் பஞ்சை வைத்தார், பஞ்சு நனைந்தது, மறுபடி வைத்தார், மறுபடி நனைந்தது.

“பெரியவரே, இந்த ஈரம் நிக்கணும். நிக்கலன்னா மேல ஏறிரும். தூய ஆவி திருவிழா என்னைக்கு உங்களுக்கு? அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமையா? திங்கக்கிழமை வாங்க. காஞ்சிருந்தா ரெண்டு விரலோட விட்டுடலாம். காயலன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துருவோம்.”

இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. எல்லாம் நடந்து வாங்கிய கால். மாவட்ட அலுவலகத்துக்கு நடந்த கால், ஆயர் இல்லத்துக்கு நடந்த கால், தேருக்கு முன்னால் படுத்துவிட்டு எழுந்து நடந்த கால். சந்தியாகு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அன்னக்கூடையில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடிகாரம் மாதிரி இருந்தது.

அடைக்கலம் கொத்தனாரின் தடம் காய்வதை அவர் பார்த்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. அடைக்கலம் கீழத்தெருவின் ஆறு பேரில் ஒருவர். காலையில் சந்தியாகுவின் வீட்டைக் கடந்து வேலைக்குப் போனார். சாலையில் தடம் ஈரமாக விழுந்தது. சந்தியாகு ஒரு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அந்தத் தடம் இல்லை. வெயில் குடித்துவிட்டிருந்தது, எல்லார் தடத்தையும் குடிப்பது போல.

மாலையில் வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு வந்தவரைப் பிடித்துவந்து உட்காரவைத்தார்.

“காலக் காட்டு.”

“என்னா மாமா இது, காலப் போயி…”

“காட்டுடா.”

ஈரம்தான். சந்தியாகு தம் தோள் துண்டின் முனையால் ஒரு இழுப்பு இழுத்தார். கால் காய்ந்து வெளுத்தது, சாதாரணக் கொத்தனாருடைய சாதாரணக் கால், சிமெண்டு வெடிப்போடு.

அடைக்கலம் கும்பிட்டார். “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க மாமா. கஸ்பாரு செத்துருவான்.”

கஸ்பார் மேலத்தெருவின் ஆறு பேரில் ஒருவர், பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஒரு நாள் மத்தியானம் அடைக்கலம் பஞ்சர் ஒட்டப் போயிருக்கிறார். கடை வாசலில் அவருடைய காலிலேயே உடைந்த பாட்டில் துண்டு ஏறிவிட்டது. இரத்தத்தைப் பார்த்ததும் கஸ்பார் சக்கரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, காலைத் தூக்கித் தம் மடியில் வைத்து, கண்ணாடிச் சில்லைப் பிடுங்கி, கையில் கிடைத்த கிரீஸ் துணியால் அழுத்தித் துடைத்தார். எந்தத் தெரு, எந்தத் துண்டு என்று நினைக்க நேரமில்லை. துணியை எடுத்தபோது இரத்தமும் இல்லை, ஈரமும் இல்லை.

“ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டோம் மாமா. அப்பறம் நான் அந்தத் துணிய வாங்கி அவன் கால ஒரு தொட தொடச்சேன். அவனுக்கும் போச்சு. சிரிச்சோம். ஒடனே அழுகையா வந்துருச்சு அவனுக்கு. ‘காஞ்ச காலப் பாத்தா எவன் தொடச்சான்னு கேப்பானுங்களே, அடைக்கலம், என் கடையக் கொளுத்திருவானுங்களே’ன்னான். அதான், தெனம் காலைல எந்திரிச்சதும் அவன் அங்க ஒரு சொம்பு ஊத்திக்கிறான், நான் இங்க ஒரு சொம்பு ஊத்திக்கிறேன்.”

ஊரே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடக்க, இரண்டு கிறிஸ்தவர்கள் தாங்கள் நேசித்துவிட்டது தெரிந்துவிடக் கூடாதே என்று தினமும் ஆளுக்கொரு சொம்பு தண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

சந்தியாகுவின் கை பேனாவைத் தேடியது. நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு துண்டறிக்கை அமைந்ததில்லை, தலைப்புகூட வந்துவிட்டது. அச்சகத்தில் கொடுத்தால் நாளைச் சாயங்காலம் ஊர் முழுக்க. கூடவே கஸ்பாரின் கடை எரிவதும் தெரிந்தது. அடைக்கலம் இன்னும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

“மாமா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. கஸ்பாருகிட்டச் சொல்லட்டா? கடைக்குப் பின்னால வந்தீங்கன்னா, மத்தியான நேரம், யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு நிமிஷ வேலை. கால் தப்பிச்சுக்கும்.”

“பின்பக்கமாவா?”

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டார்.

“பின்பக்க வாசல் வேணாம்னுதான்டா நான் பொறந்ததுலேருந்து கத்திக்கிட்டிருக்கேன். கால் போனாப் போவட்டும், போ.”

அடைக்கலம் போனதும் மதலேனாள் அடுப்படியிலிருந்து வந்தாள். “கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கால் போனாப் போவட்டுமா? யாரு தூக்கிட்டு அலையறது உன்ன, உன் துண்டறிக்கையா?”

அன்று இரவு முழுக்க அவர் கருத்த விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பயம் என்று யாரிடமும் சொன்னதில்லை, மதலேனாளிடம்கூட. விடிந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, தடம் பதியத் தடம் பதியக் கோயிலுக்கு நடந்துபோய்த் தனிஸ்லாஸ் சாமியாரிடம் சொன்னார்: “பாதியில விட்டத முடிச்சுருவோம் சாமி. தூய ஆவி திருவிழா அன்னைக்கு. அதே பன்னெண்டு நாற்காலி. இந்தத் தடவ நீங்க தொடைக்க வேணாம். நாங்களே ஒருத்தருக்கொருத்தர்.” எப்படித் தெரியும் என்று சாமியார் கேட்டார். தெரியும் என்று மட்டும் சொன்னார்.

தூய ஆவி திருவிழாவன்று கோயில் நிறைந்து வழிந்தது. மேலத்தெரு ஆறு பேரும் வந்தார்கள். அவர்களுக்கும் கால் ஊறி வெடித்துப் போயிருந்தது, விசுவாசம் கொண்டுவராததை அரிப்பு கொண்டுவந்தது. சாமியார் நாற்காலிகளை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்: சிங்கராயர், அவருக்குப் பக்கத்தில் சந்தியாகு, அடுத்து கஸ்பார், அடுத்து அடைக்கலம், இப்படியே பன்னிரண்டு. நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் மடித்த வெள்ளைத் துண்டு ஒன்று. ஒன்றுதான்.

ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்த பகுதி வாசிக்கப்பட்டது. வாசித்து முடித்ததும் சாமியார் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு பேரும் அந்தத் துண்டைப் பார்த்தார்கள்.

“மொதல்ல அந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கட்டும்” என்றார் சிங்கராயர் தூணைப் பார்த்து.

“எல்லா நாளும் மொதல்ல குனிஞ்சது நாங்கதான். இன்னைக்கு நீங்க” என்றார் சந்தியாகு.

அவ்வளவுதான். யாரும் குனியவில்லை. பதினொரு மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. மின்விசிறி சுற்றியது, குழந்தைகள் அழுது ஓய்ந்தன, உபதேசியார் யாரும் கேட்காமலேயே ஒரு பாட்டை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். யாரும் எழுந்து போகவும் இல்லை. எந்தத் தெரு முதலில் எழுந்தது என்று நாளைக்குச் சொல்வார்களே. துண்டு வெள்ளையாகக் கிடந்தது. சந்தியாகு ஒவ்வொரு நிமிடத்தையும் தம் முழங்காலுக்குக் கீழே உணர்ந்தார். அப்போதுதான் கவனித்தார்: பக்கத்து நாற்காலியில் கஸ்பாரின் கால் காய்ந்துகொண்டிருந்தது. காலையில் ஊற்றிய சொம்புத் தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்கும்? அடைக்கலத்தின் காலும் விளிம்பில் வெளுக்க ஆரம்பித்திருந்தது. கஸ்பாரின் முகத்தில் வேர்வை கொட்டியது. சந்தியாகு, கால் மரத்துப் போனவரைப் போல முனகிக்கொண்டே, புண் பட்ட காலை மெல்ல அந்தப் பக்கம் நீட்டினார். அவருடைய ஈரம் தரையில் வழிந்து கஸ்பாரின் நாற்காலிக்கடியிலும் அடைக்கலத்தின் நாற்காலிக்கடியிலும் பரவியது. கஸ்பார் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டரைக்குச் சிங்கராயர் பொறுமை இழந்து எழுந்தார். எழுந்தவர் தம் காலடியில் தேங்கியிருந்த தம் தண்ணீரிலேயே வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தார். சந்தியாகுதான் பக்கத்தில் இருந்தார். அக்குளில் கை கொடுத்துத் தாங்கி உட்காரவைத்தபோது அந்தப் பாதங்களை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தார்: ஊறி வெளுத்து, விரல் இடுக்குகள் பிளந்து, கடைசி விரலின் ஓரம் ஊதாவாகியிருந்தது. அந்த நிறம் அவருக்குத் தெரியும். தினமும் காலையில் தம் காலில் செய்வதை அவர் கை செய்தது. தோள் துண்டை இழுத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் முனையை விட்டு, நோகாமல் ஒற்றி எடுத்தது. செய்து முடித்த பிறகுதான் யாருடைய கால் என்பதே அவருக்கு நினைவு வந்தது.

கால் காய்ந்திருந்தது.

சந்தியாகு துண்டை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சிங்கராயர் தம் காலைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், பிறகு தலை தூக்கிக் கூட்டத்தில் நின்ற தம் மகன்களைப் பார்த்தார். எழுந்து, கோயிலின் நடுப்பாதை வழியாக வெளியே நடந்து போனார். தரையில் ஒரு தடமும் விழவில்லை.

மேலத்தெருவின் மற்றவர்கள், கஸ்பாரைத் தவிர, பக்கத்தில் இருந்த கீழத்தெருக்காரன் பக்கமாகக் காலை நீட்டினார்கள். ஒருவர் சொல்லவும் சொன்னார்: “எனக்கும் ஒரு தொட தொடச்சு விடேன்.”

கீழத்தெரு ஆட்கள் எழுந்தார்கள். அவர்கள் காலை நீட்டியவர்களைப் பார்க்கவில்லை, சந்தியாகுவைப் பார்த்தார்கள். குனிகிறவனைப் பார்க்கும் அந்தப் பார்வையை அவர் நாற்பது வருஷமாகக் கற்றுக்கொடுத்திருந்தார். தம்மேல் அது விழும் என்று நினைத்ததில்லை. “தலைவரு மண்டி போட்டுட்டாருப்பா” என்று யாரோ சொல்ல, கூட்டம் கலைந்தது.

அன்று மாலை அவர் வீட்டு வாசலில் ஒரு பழைய காகிதம் கிடந்தது. மடிப்பில் கிழிந்த அவருடைய துண்டறிக்கை, முப்பது வருஷத்துக்கு முந்தியது, அவருடைய எழுத்து: ‘தோழா, இனி எவன் காலையும் தொடாதே.’ நல்ல வாக்கியம்தான். இப்போதும் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்னக்கூடையில் சொட்டுகிற சத்தம் விடியும்வரை நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை. ஏழரைக்கு ஆஸ்பத்திரி பஸ். மதலேனாள் தட்டு, டம்ளர், போர்வை, பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒயர்க்கூடையில் வைத்தாள். கீழத்தெருவில் ஒருவரும் வழியனுப்ப வரவில்லை.

தெருமுனைக் குழாயடியில் பேச்சுச் சத்தம் திடீரென்று நின்றது. சந்தியாகு கட்டிலிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். குடங்களுக்கு நடுவில் சிங்கராயர் நின்றிருந்தார். தனியாக. வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிப் பிடித்திருந்தார். மேலத்தெருவிலிருந்து அவ்வளவு தூரம் அவர் நடந்து வந்ததற்குச் சாலையில் ஒரு அடையாளமும் இல்லை; காய்ந்த காலுக்கு ஏது தடம்? இப்படியே வந்து இப்படியே போயிருந்தால், வரவேயில்லை என்று நாளைக்கு அவரும் சொல்லலாம், ஊரும் சொல்லலாம்.

“தண்ணி ஊத்தும்மா” என்றார், குடம் நிரப்பிக்கொண்டிருந்த பெண்ணிடம்.

“குடிக்கவாங்க?”

“கால்ல.”

“நேத்துதான காஞ்சுச்சு உங்களுக்கு?”

“ஊத்து. ரெண்டு கால்லயும் நல்லா ஊத்து. தடம் தெரியணும்.”

அவள் குடத்தைச் சாய்த்தாள். கீழத்தெருக் குழாயின் தண்ணீர், கீழத்தெருப் பெண்ணின் கையால், அவருடைய முழங்காலிலிருந்து வழிந்தது. அவர் நடந்தார். ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து, ஐந்து விரலும் குதிகாலும் பதிய, நடுத்தெருவில், குழாயடியிலிருந்து பதினோராவது வீடான சந்தியாகுவின் வீடுவரைக்கும் நடந்தார். கதவுகள் திறந்தன. மேலத்தெரு முனையில் அவருடைய மகன்கள் வந்து நின்றுவிட்டார்கள், அதற்குமேல் அவர்களுக்குக் கால் வரவில்லை. சைக்கிள் கடையிலிருந்து கஸ்பாரும் வந்து நின்றார். அன்று காலை அவர் சொம்பை எடுக்கவில்லை, கால் காய்ந்திருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை.

சிங்கராயர் குனிந்து வாசலுக்குள் வந்தார். அந்த வீட்டில் தூண் இல்லை. பார்ப்பதற்கு மதலேனாள்தான் இருந்தாள்.

“அந்தத் துண்டு இருக்கா? நேத்து என் கால்ல பட்டது.”

“தொவச்சுட்டேன். கொடியில கெடக்கு, இன்னும் காயல” என்றாள் அவள்.

“ஈரமா இருந்தாப் பரவால்ல.”

அவருக்கு உட்கார வெகுநேரம் ஆயிற்று. எழுபது வயதில் அந்த முழங்கால்கள் யாருக்காகவும் அப்படி மடங்கியதில்லை, பீடத்தைத் தவிர. ஈரத் துண்டை வாங்கி, சந்தியாகுவின் இடது காலைத் தூக்கி மடியில் வைத்தார். துடைக்கத் தெரியவில்லை, தாறுமாறாக இழுத்தார், கருத்த விரலில் பட்டபோது சந்தியாகு பல்லைக் கடித்தார். “நோவுதா?” என்று கேட்டார் சிங்கராயர், காலைப் பார்த்து. இப்போதும் ஒரு ‘ங்க’ வரவில்லை. அதற்கு இன்னொரு துண்டறிக்கை வேண்டியிருக்கும் என்று சந்தியாகு நினைத்துக்கொண்டார். ஆனால் சொட்டும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. ஈரத் துண்டு பட்ட இடமெல்லாம் கால் காய்ந்துகொண்டு வந்தது.

அந்தக் காலில் இரண்டு விரல்கள் போயின, கால் மிஞ்சியது. அது பிறகு. அந்தக் காலையில் சந்தியாகுவுக்கு விரலும் நினைவில்லை, காலும் நினைவில்லை. திறந்த கதவு வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிங்கராயரின் தடம் விளிம்பிலிருந்து காய ஆரம்பித்திருந்தது. அது வெறும் குழாய்த் தண்ணீர், அரை மணிகூடத் தாங்காது. பார்க்க வேண்டியவர்கள் இன்னும் பாதிப்பேர் வரவில்லை. தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது.

“மதலேனா,” என்றார் சந்தியாகு, “பஸ்ஸு போனாப் போவட்டும். ஓடு. காயறதுக்குள்ள எல்லாரையும் கூப்புடு.”